கெண்டைக்கால் உளைவும் கொலஸ்ட்ரோல் குளிசையும்

புறக்கோட்டையில் விலை பேசாமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. கெய்சர் வீதியில் ஒரு சாரம் எடுப்பதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்கி, "கடைசி விலையைச் சொல்லுங்கோ" என்று கேட்டு, போவது மாதிரி இரண்டடி வைத்து, கூப்பிட்டால் திரும்பி வருகிற சனம் நாங்கள். அதே சனம் கிளினிக்கில் டொக்டர் எழுதித் தருகிற கொலஸ்ட்ரோல் குளிசையை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வரும். கால் உளைந்தால் வாய் திறக்காமலே நிப்பாட்டியும் விடும். அடுத்த கிளினிக்கில் "மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால் தலையாட்டும். டொக்டர் ரிப்போட்டைப் பார்ப்பார். கொலஸ்ட்ரோல் இறங்கியிருக்காது. அளவைக் கூட்டி எழுதுவார். அந்தக் குளிசையும் அலுமாரிக்குள் போய்ச் சேரும்.

நான் நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதுகிறேன். வீடு கொட்டாஞ்சேனை. அப்பா மாரடைப்பில் போனவர். ஐம்பது தாண்டியதும் எனக்கும் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடிக் கிடந்தது; அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதினார்கள். கொஞ்சக் காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடையின் மேல்மாடி ஸ்டோருக்கு ஏறுகிற மரப்படியில் விஷயம் தொடங்கியது. அந்தப் படி எத்தனையோ வருஷத்துக் கால்பட்டு நடுவில் குழிந்து போன படி. செங்குத்தாக இருக்கும், பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். பாதிக்கு வந்ததும் இரண்டு தொடையும் பாரம் கட்டினது போல இழுக்கும். இரவில் கெண்டைக்கால் உளைவு. மனிசி நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். பக்கத்துக் கடை நானா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"அந்தக் குளிசதான் தம்பி. நிப்பாட்டிப் பாருங்களே. நான் நிப்பாட்டி எவ்வளவு காலம், இப்ப காலெல்லாம் நல்லா ஈக்கி."

நானா சொன்னதை வைத்து நான் நிப்பாட்டவில்லை. அவருக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் நிப்பாட்டினதை நினைத்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றிரவு தொடங்கி இந்த மருந்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசித்ததில் முதலாவது விஷயமே அரிசிக் கடைக்காரனுக்கு உரியது.

இந்த மருந்தினத்தின் பொதுப்பெயர் ஸ்டாட்டின். அதன் தொடக்கம் ஜப்பானில் ஒரு தானியக் கடையில். அகிரா எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் 1971 இல் சன்கியோ கம்பெனியில் பூஞ்சணங்களைச் சோதிக்கத் தொடங்கினார். கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்புக்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சணத்தில் இருக்குமா என்பதுதான் அவருடைய தேடல். சுமார் 6,000 பூஞ்சணங்கள் பார்த்த பிறகு, கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் 1973 இல் அது அகப்பட்டது. எங்கள் கடையில் ஒரு மூட்டை அரிசியில் பூஞ்சணம் பிடித்தால் லொறிக்காரனோடு அரைநாள் சண்டை. எண்டோ 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் காலமானார். உலகத்தில் அதிகம் விற்கும் மருந்தினங்களில் ஒன்றுக்கு வழி திறந்த மனிதர். அதனால் அவருக்குக் காசு வரவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்த கட்டம். 1978 இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யமமோட்டோ என்ற டொக்டர், பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் மிகவும் கூடிய 18 வயதுப் பெண்ணுக்கு எண்டோவின் மருந்தைக் கொடுத்தார். கொலஸ்ட்ரோல் இறங்கியது. கூடவே அந்தப் பெண்ணின் தசைகள் பலவீனப்பட்டன. மருந்தை நிறுத்தினார்கள், பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். ஆக, தசைத் தொல்லை என்பது நாலாம் குறுக்குத் தெருவின் கட்டுக்கதை இல்லை. மருந்து தொடங்கிய இடத்திலேயே அதுவும் தொடங்கியிருக்கிறது. அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அங்கேயே இருந்திருக்கிறது.

பெரிய விபத்தும் ஒன்று நடந்தது. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை பேயர் கம்பெனி 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து எடுத்தது. தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து 52 பேர் இறந்ததாக அப்போது அறிவித்தார்கள். அவர்களில் பலர் ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துப் போட்டவர்கள். இன்றைக்குப் பாவனையில் உள்ள ஸ்டாட்டின்களில் அந்த அளவுக்குப் போவது மிக அரிது, பத்தாயிரம் பேரில் ஒருவர் என்கிற கணக்கில். ஆனாலும் ஒரு அடையாளத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: தசை நோவோடு சிறுநீர் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, சாதாரண உளைவு? இங்கேதான் சங்கதி சிக்கலாகிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர் ஒரு சோதனை செய்து 2020 இல் வெளியிட்டார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை எடுத்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு போத்தல், மாதத்துக்கு ஒன்று. நாலு போத்தலில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நாலில் அதே தோற்றத்தில் வெறும் மாக்குளிசை, நாலில் ஒன்றுமே இல்லை. எந்த மாதம் மருந்து, எந்த மாதம் மா என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தங்கள் தொல்லைக்கு நூறுக்கு எவ்வளவு என்று போனில் புள்ளி போட வேண்டும். வெறும் போத்தல் மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. மாக்குளிசை மாதங்களில் 15.4.

அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். குளிசை போட்டால் தொல்லை கூடுகிறது என்று அவர்கள் சொன்னது முழு உண்மை, எட்டிலிருந்து பதினாறு. ஆனால் அந்தக் கூடுதலில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாவுக்கும் வந்திருக்கிறது.

இதைக் கேட்டு "அப்ப எல்லாம் மனப்பிரமை" என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. படியில் இழுத்தது என் தொடை. பயம் உடம்பில் நோவாக இறங்கும், அந்த நோ உண்மையான நோ. அதோடு, ஐம்பதைத் தாண்டிய உடம்பில் எப்போதும் ஏதோ ஒன்று உளைந்துகொண்டே இருக்கும். குளிசை தொடங்கின பிறகுதான் அதைக் கணக்கெடுக்கத் தொடங்குகிறோம். 2022 இல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பில் ஒன்றேகால் லட்சம் பேர் வரை இருந்தார்கள். ஸ்டாட்டின் போட்டவர்களில் 27.1 வீதத்தினர் தசை நோ என்றார்கள், மாக்குளிசை போட்டவர்களில் 26.6 வீதத்தினர். நூறில் கால்வாசிக்கு மேல் எப்படியும் நோ. மருந்தால் கூடுவது கொஞ்சம், அதுவும் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்.

அந்தக் கொஞ்சத்துக்குள் நான் இருக்கிறேனா என்று கண்டுபிடிக்க வேண்டியதுதான் மிச்சம். டொக்டரிடம் வாய் திறந்தேன். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்: எந்தத் தசை, ஒரு காலா இரண்டு காலா, எப்போது தொடங்கியது, வேறு என்னென்ன குளிசை. தமிழ்ச் சனத்துக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். சிங்களம் தடக்கினால் நாங்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எழுதிக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்கிற யாராவது வாசித்துச் சொல்லவாவது ஏலும்.

டொக்டர் அதை வாசித்தார். கிளினிக்கில் ஒரு டொக்டர் என்னை முழுசாக நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். தசை நொதியான சீ.கே.யையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொன்னார். தைரொயிட் ஏன் என்று கேட்டேன். அது மந்தமாக இருந்தால் கொலஸ்ட்ரோலும் கூடும், தசையும் நோகும். அதைச் சரி செய்தால் இரண்டும் இறங்கலாம் என்றார். வெள்ளவத்தையில் இருக்கிற என் சொந்தக்கார அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. ஸ்டாட்டினைத் திட்டிக்கொண்டு இருந்தவர், இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைரொயிட் குளிசை போடுகிறார்.

சீ.கே. பற்றி எங்கள் தெருவுக்கென்று ஒரு குறிப்பு. பாரம் தூக்கினாலே அந்த நொதி ரத்தத்தில் ஏறும். நாள் முழுக்க மூட்டை சுமக்கிற நாட்டாமி ஒருவர் வேலை முடிந்த கையோடு ரத்தம் கொடுத்தால் ரிப்போட் பயமுறுத்தும். குளிசையில் பழி விழும். அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போய்ச் சோதிக்க வேண்டும், தாங்கள் செய்யும் தொழிலையும் சொல்ல வேண்டும். நாட்டாமிக்கு மூன்று நாள் ஓய்வு யார் கொடுப்பார்கள் என்பது வேறு கதை. போயா தினம், ஞாயிறு சேர்ந்து வந்தால் பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்து எங்கள் மருந்துப் பைகளுக்குள்ளேயே இருக்கிறது. கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது ஒரு பெயரில், மெயின் வீதிப் பக்கப் பார்மசியில் வாங்குவது கம்பெனிப் பெயரில். இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்து ஒரே அட்டோர்வாஸ்டாட்டினை இரண்டு தடவை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை ஏற்படுத்தக் காரணமாக இருந்தபோது, மருந்தை அதன் மூலப்பெயரால் எழுத வேண்டும் என்று நின்றார். விலைக்காக நின்றார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்தக் குழப்பத்துக்கும் அது மருந்து. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கிளினிக்கில் மருந்து இல்லாமல் "வெளியில் எடுங்கோ" என்று அனுப்பியதில், இந்த மாதம் ஒரு நிறம் அடுத்த மாதம் ஒரு வடிவம் என்று குளிசை மாறிக்கொண்டே வந்தது. பெட்டியில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதுதான் உண்மையான பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது அதை வாசியுங்கள்.

நெஞ்சுச் சளி என்று பார்மசியில் கேட்டு வாங்குகிற கிளரித்ரோமைசினும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அன்டிபயோட்டிக் எழுதுகிற டொக்டரிடம் "நான் கொலஸ்ட்ரோல் குளிசை போடுறன்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். கிரேப்ஃபுரூட் சாறும் அப்படித்தான். அதன் தாய்க்கனிதான் எங்கள் ஜம்போலா. எப்போதாவது ஒரு சுளை பரவாயில்லை, தினமும் சாறு பிழிந்து குடிப்பது வேண்டாம்.

இனி விலை பேசுகிற இடம். எனக்கு இதுவரை யாரும் சொல்லாத கணக்கொன்றை அந்த டொக்டர் சொன்னார். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே கெட்ட கொலஸ்ட்ரோலை 40 வீதத்துக்குக் கிட்டக் குறைக்கும். அதன் பிறகு அளவை ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 வீதம்தான். 80 மில்லிகிராம் போட்டாலும் 60 வீதத்தைத் தாண்டுவது அபூர்வம். எட்டு மடங்கு கொடுத்து ஒன்றரை மடங்கு சாமான். நாலாம் குறுக்குத் தெருவில் இப்படி ஒரு பேரம் முடித்தால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்தக் கடைசிச் சில வீதமும் பெறுமதி, அவர்களுக்குக் கூடிய அளவு எழுதுவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் குறைக்க இடம் உண்டு. ஸ்டாட்டினைக் குறைத்து எசெட்டிமைப் என்ற வேறு வகைக் குளிசையைச் சேர்க்கலாம். அது குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சுவதைத் தடுப்பது. ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கிற ரொசுவாஸ்டாட்டினை ஒன்றுவிட்ட ஒருநாள் போடலாம். ஆசிய உடம்பில் ரொசுவாஸ்டாட்டின் ஏறக்குறைய இரட்டிப்பு அளவில் ஏறுவதால் 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி அமெரிக்க மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது.

என் சீ.கே. சாதாரணம், தைரொயிட் சாதாரணம். சில கிழமைக்கு மருந்தை நிறுத்தச் சொன்னார், அதுவும் திகதி போட்டு. உளைவு குறைந்தது. பிறகு ரொசுவாஸ்டாட்டின் 5. முதல் மாதம் படியில் கொஞ்சம் இழுத்தது, இப்போது இல்லை. அட்டோர்வாஸ்டாட்டின்தான் காரணமா, லண்டன்காரரின் மாக்குளிசைக் கணக்குத்தானா என்று பிரித்துச் சொல்ல எனக்கு ஏலாது. கொலஸ்ட்ரோல் இறங்கியிருக்கிறது. அது போதும்.

மூலிகைக் கட்சிக்காரருக்கும் ஒரு வார்த்தை. காபோஸ் லேனில் மருதம்பட்டை, வெந்தயம், உள்ளிப் பொடி எல்லாம் கொலஸ்ட்ரோலுக்கு என்று கட்டித் தருவார்கள். வெந்தயத்தோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று வெளிநாட்டிலிருந்து வருகிற "இயற்கை" குப்பிகள் இருக்கின்றனவே, அதில் உள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். 1979 இல் அதைப் பிரித்தெடுத்தவர்களில் எண்டோவும் ஒருவர். மருந்துக்குப் பயந்து அதே மருந்தை அளவு தெரியாமல் குடிப்பதில் என்ன இயற்கையோ! தேங்காய்ப் பாலைப் பற்றி இங்கே எழுதினால் வீட்டில் சொதி கிடைக்காது; அதை விட்டுவிடுகிறேன்.

சீனி வருத்தத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்டாட்டின் அதைக் கொஞ்சம் கூட்டும், முக்கியமாக ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவர்களுக்கு. 2012 இல் அமெரிக்காவில் அதை மருந்துச் சீட்டிலேயே சேர்த்தார்கள். சீனியையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டு போவதே வழி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற நடுவயது 53, மற்ற இடங்களில் 59 என்று இலங்கையும் சேர்ந்திருந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆறு வருஷத்துக்கு முன்னால் சீனி கொஞ்சம் ஏறுவதை நான் சகித்துக்கொள்கிறேன்.

எங்கள் கடையில் தராசடியில் நிற்கிற அண்ணையின் கதைதான் என்னை உலுக்கியது. அவரும் அதே குளிசை, அவருக்கும் கெண்டைக்கால் நோ. நானாவின் யோசனை அவருக்கும் கிடைத்திருந்தது. ஆனால் அவருடைய நோ வலது காலில் மட்டும். கடையிலிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்தால் பாதி வழியில் கட்டிப் பிடிக்கும். நின்றால் இரண்டு நிமிஷத்தில் விடும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். ஸ்டாட்டின் நோ இப்படிக் கணக்குப் பார்த்து வராது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். "அண்ணை, நிப்பாட்டுறதுக்கு முதல் ஒருக்கா போய்க் காட்டுங்கோ" என்று கெஞ்சி அனுப்பினேன். டொக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தது. எந்தக் குளிசையைக் குற்றம் சொல்லி நிப்பாட்டப் பார்த்தாரோ அதே குளிசையை அளவு கூட்டி எழுதினார்கள். சுருட்டை நிறுத்தச் சொன்னார்கள். நோ வரும் வரைக்கும் தினமும் நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார்கள். இப்போது அவருடைய புகார் வேறு: தலைமயிர் கொட்டுவதற்கும் அந்தக் குளிசைதான் காரணமாம்.

நானாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஸ்டென்ட் போட்டவர் மருந்தில்லாமல் இருக்கிறதைக் கேட்டு எனக்கு நித்திரை வரவில்லை என்றும் சொன்னேன். சிரித்தார். ஒரு கிழமை கழித்துக் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனார், நிப்பாட்டினதை மறைக்காமல் சொன்னார். டொக்டர் ஏசவில்லையாம். அளவைக் குறைத்து, கூட இன்னொரு குளிசை சேர்த்து எழுதியிருக்கிறார், ஆறு கிழமையில் ரத்தம் பார்க்க வரச் சொல்லி.

"எப்படி நானா, கால்?"

"கால் பரவால்ல தம்பி. சுபஹுக்கே போய் லைன்ல நின்டு, லுஹருக்குத்தான் மருந்து கெடைச்சிச்சி. அந்த நின்ட நோவுக்கு என்ன குளிச ஈக்கி?"